மூன்று பக்கமும் கண்ணாடி

வசுந்தரா யாரையாவது பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டவர்கள் ஜெர்மனியின் ஹம் நகரத்தில் இல்லை. அவள் கெட்டவள் என்றில்லை. ஒரு செத்தவீடு என்றால் முதல் ஆளாகச் சமைத்துக்கொண்டு போய் நிற்பாள். திரும்பி வரும்போது, அங்கே யார் யார் எப்படி அழுதார்கள் என்று வீடு வந்து சேரும்வரை காரில் அலசுவாள். இன்னார் அழுகை தொண்டையோடு நின்றுவிட்டது, இன்னார் வீடியோக்காரன் திரும்பிய பிறகுதான் தொடங்கினார் என்று அவளுக்குக் கணக்குகள் உண்டு. பக்கத்தில் கார் ஓட்டிக்கொண்டிருக்கும் புருசன் சிறீதரன் எல்லாவற்றுக்கும் ‘ஓம்’ போடுவான். அந்த ‘ஓம்’ மீதும் அவளுக்கு மதிப்பில்லை.

தொழிலும் அவளுக்கு வாய்ப்பாக அமைந்திருந்தது. பல் வைத்தியர்களுக்குச் செயற்கைப் பல்லும் பல்லுறையும் செய்துகொடுக்கும் சிறிய பட்டறை ஒன்றில் அவள் வேலை செய்தாள். ஜெர்மனிக்கு வந்த புதிதில் அதற்கென்றே ஆஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்து சான்றிதழ் வாங்கியவள். நோயாளியின் வாயில் எடுத்த அச்சு அவளுடைய மேசைக்கு வரும். பெயர் இருக்காது, ஓர் இலக்கம் மட்டும் இருக்கும். ஆனால் ஹம் என்ன பெரிய பட்டணமா? முன்பல்லில் அந்த இடைவெளி உள்ளவர் யார், தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடித்துத் தேய்ப்பவர் யார் என்று அவளுக்குத் தெரியும். பொங்கல் விழாவில் மேடையேறி, குத்துவிளக்குக்குப் பக்கத்தில் நின்று சிரிப்பவர்களை அவள் கீழே கதிரையில் இருந்து பார்க்கும்போது, அந்தச் சிரிப்பில் எத்தனை தன் கைவேலை என்று எண்ணிக்கொண்டிருப்பாள்.

சிறீதரன் அதற்கு நேரெதிர். பாண் சுடும் பெரிய ரொட்டித் தொழிற்சாலை ஒன்றில் இரவும் பகலும் மாறி மாறி வேலை. மிச்ச நேரமெல்லாம் ஊர்ச்சங்கம். அந்தச் சங்கத்துக்கு அவன்தான் தலைவர். விளையாட்டுப் போட்டி, ஒன்றுகூடல், நிர்வாகசபை என்று எந்நேரமும் தொலைபேசி காதில் இருக்கும். வீட்டிலே யாராவது நாலு பேர் வந்து கூடியிருந்து, போட்டிக்கு அணியும் ரீசேட்டை எந்த நிறத்தில் அடிப்பது என்று மணிக்கணக்காகப் பேசுவார்கள். வசுந்தரா தேத்தண்ணி வைத்துக் கொடுப்பாள். கொடுத்துவிட்டுக் குசினிக் கதவைச் சாத்துவாள்.

இவர்களுடைய ஒரே மகள் மிதுசா படிக்கவென்று ஆகன் நகரத்துக்குப் புறப்பட்ட வருடத்தில்தான் சொந்தமாக ஒரு வீடு வாங்கினார்கள். வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று. குசினிக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் ஒரு சுவர் இருந்தது. பாரம் தாங்கும் சுவர் இல்லை, இடிக்கலாம் என்று பொறியியலாளர் வந்து பார்த்துச் சொல்லிவிட்டார். இடித்த இடத்தில் என்ன வைப்பது என்பதில்தான் கதை தொடங்கியது.

சிறீதரனின் தமக்கை சுந்தரேஸ்வரி பிராங்பேர்ட்டில் இருப்பவள். சொந்தக்காரர்கள் யார் வீடு வாங்கினாலும் உள்ளே என்ன வரவேண்டும் என்று தீர்மானிப்பது அவள்தான். அவள் வந்து இடத்தைப் பார்த்துவிட்டு, வளைவு ஒன்று வைத்து இரண்டு பக்கமும் தூண் எழுப்ப வேண்டும், தூணின் தலையில் பொன்நிறம் பூச வேண்டும் என்றாள். தன் வீட்டிலும் அப்படித்தான், தன் சம்பந்தி வீட்டிலும் அப்படித்தான் என்றாள்.

“மண்டபம் மாதிரி எடுப்பா இருக்கும், வசு.”

“வீட்டை ஏன் மச்சாள் மண்டபம் மாதிரி வைச்சிருக்க வேணும்? வாடகைக்கு விடப்போறமோ?”

சுந்தரேஸ்வரி தம்பியின் முகத்தைப் பார்த்தாள். தம்பி தன் தொலைபேசியைப் பார்த்தான்.

அந்த இடத்தில் மீன்தொட்டி வைக்கப்போவதாக வசுந்தரா அப்போதுதான் முதன்முதலில் வாய்விட்டுச் சொன்னாள். மனதுக்குள் அது வெகுநாளாக இருந்தது. மிதுசா சின்னப்பிள்ளையாக இருந்தபோது பிறந்தநாளுக்கு யாரோ ஒரு தொட்டி வாங்கிக் கொடுத்திருந்தார்கள். உள்ளே பிளாஸ்டிக் கோட்டை, பிளாஸ்டிக் புல், வாயைத் திறந்து குமிழி விடும் ஒரு சிப்பி. மகள் ஒரு மாதத்தில் அதை மறந்துபோனாள். தாய் கோட்டையைக் குப்பையில் போட்டுவிட்டு, மண் கொட்டி, உண்மையான செடி நட்டாள். அன்று பிடித்தது விடவில்லை. பல்லுக்குள் வேலை செய்த கை, தண்ணீருக்குள்ளும் நுணுக்கமாக வேலை செய்தது. பட்டறையில் கழித்துவிட்ட நீண்ட குறடுகளால் ஒவ்வொரு தண்டாக ஊன்றுவாள். ஆனால் அதுவரை அவள் வைத்த தொட்டிகள் எல்லாம் சுவரோடு சாத்தியவை. ஒரு பக்கம் மட்டும் பார்க்கலாம். பின்பக்கம் எப்படிக் கிடந்தாலும் கவலையில்லை. முன்பக்கம் மட்டும் உள்ள வேலையை எந்த விசரனும் செய்வான் என்ற எண்ணம் அவளுக்கு வந்துவிட்டிருந்தது.

புதிய தொட்டி சுவர் இருந்த இடத்தில் நீளவாக்கில் நிற்கும். ஒரு முனை மட்டும் மிஞ்சியிருந்த சுவர்த்துண்டில் முட்டும். குழாய்கள் எல்லாம் அந்த முனையால் கீழே இறங்கும். மற்ற மூன்று பக்கமும் கண்ணாடி. குசினியில் நிற்பவர் ஒரு பக்கம் பார்ப்பார், சாப்பாட்டு மேசையில் இருப்பவர் மறுபக்கம் பார்ப்பார், வாசலால் வருபவர் குறுகிய முனையைப் பார்ப்பார்.

ஹம் நகரத்தில் மீன் வளர்ப்பவர்களின் சங்கம் ஒன்று இருந்தது. மாதம் ஒரு தடவை ஒரு பியர்க்கடையின் பின்னறையில் கூடுவார்கள். வசுந்தரா அதில் அங்கத்தவர். போவதற்குக் காரணம், செடித் துண்டுகளை மாற்றிக்கொள்ளலாம் என்பது மட்டுமே. அங்கே வருகிற ஆண்களை அவள் ஒரு பொருட்டாக எண்ணவில்லை. ஒவ்வொருத்தர் தொட்டியிலும் பாறை போல் வார்த்த ஒரு பிளாஸ்டிக் பின்சுவர் ஒட்டியிருக்கும். அதைத் தடவித் தடவிப் படம் காட்டுவார்கள். தலைவர் பியோமர் என்பவர், ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்றவர். அவள் கொண்டுபோன கிரிப்டோகோரினே செடியைக் கண்டதும், இது உங்கள் இலங்கைச் செடியல்லவா, பிறந்த மண்ணின் நினைவு வருகிறதா என்று கேட்டு, கண்ணைக் கசியவிட்டார். ஆறென்று சொல்ல ஒன்றும் ஓடாத யாழ்ப்பாணத்தில் பிறந்தவள் அவள். ஆற்றோரம் முளைக்கும் அந்தச் செடியை முதன்முதலில் கண்டதே டோர்ட்முண்டில் ஒரு கடையில்தான். அதை அவருக்கு விளங்கப்படுத்தி என்ன ஆகப்போகிறது என்று பேசாமல் இருந்துவிட்டாள்.

மூன்று பக்கமும் திறந்த தொட்டி என்றதும் பியோமர் தலையை ஆட்டினார். பின்னால் சாய ஒரு சுவர் இல்லாவிட்டால் மீனுக்கு நிம்மதி இருக்காது, இரண்டு பக்கமும் ஆள் நடமாடினால் எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் நடுங்கும், வேண்டாம் என்றார். பிளாஸ்டிக் பாறையைத் தடவுகிறவருக்குச் சுவரை விட்டால் வேறென்ன தெரியும் என்று வசுந்தரா நினைத்துக்கொண்டாள்.

அவள் முதலில் ஒரு மாதிரி செய்தாள். பட்டறையில் அச்சு வார்க்கும் சாந்தில் நிலத்தையும், பல்முரசு வடிவமைக்கும் ரோஸ் நிற மெழுகில் வேர்களையும் செடிகளையும் செய்து, கேக் வைத்துச் சுற்றும் தட்டில் நிறுத்திவிட்டுச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். சுவரோடு சாத்திய தொட்டி என்றால் பின்னால் உயரம், முன்னால் பள்ளம் என்று முடித்துவிடலாம். இதில் உயரத்தை நடுவில் வைத்தால்தான் எல்லாப் பக்கமும் சரிந்து வரும். நட்டநடுவில் வைத்தாலோ பிறந்தநாள் கேக் போல இருந்தது. கொஞ்சம் ஒரு பக்கம் தள்ளி, கொஞ்சம் வளைத்து, மலையின் முதுகெலும்பு போல ஒரு மேட்டை ஓடவிட்டாள். ஒரு பக்கத்தில் நன்றாகத் தெரிந்த வேர், தட்டைச் சுற்றியதும் மறுபக்கத்தில் தும்பிக்கை போல நீட்டிக்கொண்டு நின்றது. மாற்றினால் முதல் பக்கம் பிழையாய்ப் போனது. நாட்கணக்காக அதிலேயே கிடந்தாள். சாப்பாட்டு மேசையில் இடியப்பத் தட்டுக்குப் பக்கத்தில் அந்த ரோஸ் மெழுகுக் காடு இருந்தது. ஊர்ச்சங்கக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு, அக்கா பல்செற் செய்யிறாவாக்கும் என்று பேசிக்கொண்டார்கள்.

மேடு ஏன் இவ்வளவு உயரம் என்று சிறீதரன் ஒருமுறை கேட்டான். வேர் பிடிக்க வேண்டும் என்று சொன்னாள். அதுவும் உண்மைதான். ஆனால் குசினியில் நிற்கும்போது கண்ணாடிக்கு ஊடாக மறுபக்கத்தில் இருக்கும் சங்கக்காரர்களின் முகம் தெரியக் கூடாது என்பதுதான் பெரிய காரணம். அழகான பக்கத்தை அவள் குசினிக்கு வைத்துக்கொண்டாள். வெள்ளை மணல் விரிந்த சிறு குடா, அதைச் சுற்றிக் குட்டைப் புல், மேலே சிவந்த இலைகள். வாசலைப் பார்த்த முனையில் ஒரு பெரிய வேர் குடையைப் போலக் கவிழ்ந்திருந்தது. சாப்பாட்டு மேசைப் பக்கத்துக்கு அகன்ற இலைச் செடிகளை நெருக்கி நட்டு, வேலி போல ஆக்கிவிட்டாள். ரீசேட் நிறம் பற்றிப் பேசுகிறவர்களுக்கு அது போதும்.

கட்டுவது லேசாக இருக்கவில்லை. நடு மேட்டு மண் சரிந்து கண்ணாடிப் பக்கம் வந்துகொண்டே இருந்தது. பழைய காலுறைகளில் எரிமலைக் கல்லை நிரப்பி மூட்டைகளாக அடுக்கி, அதன்மேல் மண் போட்டுத்தான் நிறுத்தினாள். விளக்கைக் கூரையில் இருந்து தொங்கவிட்டபோது ஒரு பக்கம் சரியாக இருந்தால் மறுபக்கம் கண்ணைக் கூசியது. அதற்குத் தகடு வெட்டி மறைப்பு வைத்தாள். செடி வேர்பிடித்துத் தழைத்து, மேடு முழுவதும் பச்சையாக மூடிய பிறகு, சிவந்த மூக்குடைய சிறிய மீன்களை ஒரு கூட்டமாக வாங்கி விட்டாள். தண்ணீர் அப்போது காற்றைப் போலத் தெளிந்திருந்தது. பார்த்தவர்கள் பார்த்தபடி நிற்பார்கள் என்று அவள் நினைத்தாள்.

வேலையெல்லாம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டிருந்த குடிபூரல் விருந்துக்கு வீடு நிறைய ஆட்கள். சுந்தரேஸ்வரி குடும்பத்தோடு வந்திருந்தாள். எல்லாரும் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

“எங்கை மீன்?”

மீன்கள் வெளியே வரவில்லை. ஒன்றுகூட வரவில்லை. குடைவேருக்குக் கீழே, நடு மேட்டின் அடர்ந்த செடிகளுக்குள் போய் ஒடுங்கியிருந்தன. குசினிப் பக்கம் ஆள் வந்தால் மறுபக்கம் ஓடின, அங்கும் ஆள் நின்றால் திரும்பி ஓடி வந்து ஒளித்தன. சுந்தரேஸ்வரி மோதிர விரலால் கண்ணாடியில் தட்டிப் பார்த்தாள். மீனில்லாத தொட்டிக்கா சுவரை இடித்தது, இதுக்கு அந்த வளைவே வைத்திருக்கலாமே என்று தம்பியிடம் மெதுவாகச் சொன்னாள். வசுந்தராவுக்குக் கேட்கும் அளவுக்கு மெதுவாக.

அன்று வசுந்தரா சிரித்த முகமாகத்தான் நின்றாள். ஆட்கள் போன பிறகு சிறீதரன், “பாவம், உம்மட மீன் காலை வாரிட்டுது” என்றான். அவள் தட்டுகளை அடுக்கிக்கொண்டே, மீனுக்கு ஆளறியும் புத்தி இருக்கிறது, இந்த வீட்டில் அது இருப்பது தனக்கும் மீனுக்கும்தான் என்றாள். வீடு அடங்கி, விளக்கைக் குறைத்ததும் மீன்கள் மெல்ல மெல்லக் குசினிப் பக்கத்து மணல் குடாவுக்கு வந்தன. அவள் அசையாமல் நின்று பார்த்தாள். சனங்களைக் கண்டு அருவருத்து ஒளிக்கிற ஒரு கூட்டம் தன் வீட்டில் இருக்கிறது என்பதில் அவளுக்குப் பெரிய திருப்தி. பியோமர் சொன்னதுதான் நடந்திருக்கிறது என்பதை மட்டும் அவள் யாருக்கும் சொல்லவில்லை. மேற்பரப்பில் மிதக்கும் செடி போட்டால் மீனுக்குக் கொஞ்சம் துணிவு வரும் என்று அவர் சொல்லியிருந்தார். அதை மீன் சங்கக்காரர் எவர் கண்ணிலும் படாமல், ரயில் ஏறி மூன்ஸ்டருக்குப் போய் வாங்கிவந்து போட்டாள்.

இப்படியே ஒரு வருடம் போயிருக்கும். சிறீதரன் தொழிற்சாலையில் மா மூட்டையைத் தூக்கியபோது முதுகு பிடித்துக்கொண்டது. முள்ளந்தண்டில் தட்டு விலகிவிட்டது என்றார்கள். சத்திரசிகிச்சை, பிறகு பயிற்சி, பிறகு வீட்டில் ஓய்வு. சாய்வு கதிரை ஒன்றைச் சாப்பாட்டு மேசைப் பக்கமாகப் போட்டுக்கொடுத்தார்கள். அதில்தான் நாள்முழுக்க இருப்பான். அதிகம் அசையக் கூடாது.

முதல் கிழமை பழப்பையும் கையுமாக ஆட்கள் வந்தார்கள். இரண்டாம் கிழமை தொலைபேசியில் மட்டும் விசாரித்தார்கள். அவன் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களிலேயே சங்கச் செயலாளர் தியாகு அவசரமாக ஒரு கூட்டம் கூட்டி, அண்ணைக்கு இனிச் சுகமில்லைத்தானே என்று சொல்லி, தானே தலைவராகிவிட்டிருந்தான். சிறீதரனுக்கு அது வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. தியாகுவின் கழுத்தில் மாலை. மாலைக்கு மேலே சிரிப்பு. “இடப்பக்கம் மேலே மூன்றாம் பல்லு நான் செய்தது” என்று மட்டும் சொல்லிவிட்டு வசுந்தரா படத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

தொலைபேசி பேசாமல் கிடந்தது. வசுந்தரா இதைத்தானே இவ்வளவு காலமும் சொல்லிக்கொண்டிருந்தாள்? அவளுக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். கொஞ்ச நாள் சந்தோஷமாகவும் இருந்தாள். சாப்பாடு பரிமாறும்போது, எங்கே உங்கள் ரீசேட்காரர்கள் என்று ஒரு சொல் விடுவாள். அவன் பதில் சொல்வதில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே தொட்டியைப் பார்ப்பான். பதில் சொல்லாதவனைக் குத்துவதில் சுவை இருக்கவில்லை. விட்டுவிட்டாள்.

ஒருநாள் வேலையிலிருந்து வழமையை விட வேளைக்கு வந்தாள். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் குசினிக்குள் வந்து தொட்டியைப் பார்த்தாள். மணல் குடா வெறுமையாக இருந்தது. வழமையாகத் தான் ஒருத்தி தனியாக நின்றால் மீன்கள் மெல்ல வரும். வரவில்லை. மேட்டுக்கு மேலால் எட்டிப் பார்த்தபோது கூட்டம் முழுவதும் மறுபக்கத்தில் நின்றது. செடிவேலிக்கும் கண்ணாடிக்கும் நடுவே போனால் போகிறதென்று அவள் விட்டிருந்த ஒரு சாண் இடுக்கில், வரிசையாக, வாலை அவளுக்குக் காட்டிக்கொண்டு. அந்தப் பக்கம் சிறீதரன் கதிரையில் இருந்தான். மூக்கு தொட்டியின் கண்ணாடியில் முட்டும் அளவுக்குக் கிட்ட இருந்தான். ஒளித்துத் திரிந்த மீன்கள் அவனுடைய முகத்துக்கு நேரே நின்று வாயை அசைத்துக்கொண்டிருந்தன.

வசுந்தராவுக்கு எங்கோ சுட்டது. மண் சுமந்தது அவள். கல் மூட்டை கட்டியது அவள். குளிரில் மூன்ஸ்டருக்குப் போனது அவள். ஒரு செடியின் பெயர் தெரியாத, மீனுக்கும் சங்கத்துக்கும் வித்தியாசம் தெரியாத இந்த மனுசனிடம் போய் நிற்கின்றனவே என்று இருந்தது. மீன்களும் இப்படித்தானா என்று நினைத்தாள்.

சில நாட்களில் தண்ணீர் கலங்கத் தொடங்கியது. கண்ணாடியில் பச்சை படர்ந்தது. சோதித்துப் பார்த்தாள், வடிகட்டியைத் திறந்து கழுவினாள், காரணம் பிடிபடவில்லை. மேசைப் பக்கத்து இடுக்கில் குறடை விட்டுத் துழாவியபோது, இலைகளுக்கு அடியில் வெள்ளையாக ஊறிக் கிடந்தது என்னவென்று எடுத்துப் பார்த்தாள். பாண் துண்டு.

“என்ன இது?” என்று குறடை அவன் முன்னால் நீட்டினாள்.

“பாண் தூள். கொஞ்சமாத்தான் போட்டனான்.”

“எவ்வளவு காலமா நடக்குது?”

“நீர் வேலைக்குப் போன பிறகு போடுவன்.”

அவள் வாயைத் திறந்தாள். பல வருடமாகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வந்தது. இந்தத் தொட்டியைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும், ஒரு இலைக்குப் பெயர் சொல்லுங்கள் பார்ப்பம், எதைத் தொட்டாலும் பழுதாக்கிறதுதானே உங்கட வேலை, ஆக்களைக் கூட்டி வைச்சு வாயில ஏதாவது போட்டால்தான் உங்களை மதிப்பினம் எண்டு நினைப்பு, மீனையும் அப்பிடித்தான் பழக்கியிருக்கிறியள் என்று ஏசித் தீர்த்தாள்.  அவள் முடித்த பிறகுதான் அவன் சொன்னான்.

“இப்ப என்னட்டை வாறது உதுகள் மட்டும்தான், வசு. வெறுங்கையோட இருக்க மனம் வரேல்லை.”

 குறடிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் குசினிக்குப் போய், அலுமாரியிலிருந்து மீன் தீனிப் பேணியை எடுத்துவந்து அவனுடைய கதிரைக்குப் பக்கத்தில் வைத்தாள். “பாண் போடாதைங்கோ, தண்ணி பழுதாப்போகும். இதில சின்னவிரல் நகத்தளவு. காலமை ஒருக்கா, அவ்வளவுதான்” என்றாள். கோபம் தீர்ந்துவிட்டதாக அவன் எண்ணிவிடக் கூடாதென்று, பேணியை வைக்கும்போது கொஞ்சம் சத்தம் வரும்படி வைத்தாள்.

அதற்குப் பிறகு அவன் செடிகளின் பெயரைக் கேட்கத் தொடங்கினான். சொல்லிக் கொடுத்தாள். கிரிப்டோகோரினே அவன் வாயில் ‘கிருட்டினன் கோயில்’ ஆயிற்று. வேண்டுமென்று செய்கிறானா, நாக்கு வரவில்லையா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டுமே அவளுக்குப் பிடிக்கவில்லை.

கோடையில் சங்கத்தின் விளையாட்டுப் போட்டி வந்தது. தியாகு மைதானத்துக்கு விண்ணப்பம் போடவே மறந்திருந்தான். அந்த நாளுக்கு மைதானம் வேறொரு ஊர்ச்சங்கத்தின் கையில் இருந்தது. வேறு நகரங்களில் இருந்தெல்லாம் பிள்ளைகளைக் கூட்டிவந்த பெற்றோர், வாகனத் தரிப்பிடத்தில் நின்று தியாகுவைப் பேசிய பேச்சு ஹம் முழுக்கப் பரவியது. அதற்கடுத்த சனிக்கிழமை பின்னேரம் தியாகுவும் இன்னும் மூன்று பேரும் சிறீதரனின் வீட்டு மணியை அடித்தார்கள். கையில் பழக்கூடை.

வசுந்தரா குசினியில் நின்றாள். மேட்டுக்கு மேலால் அவர்களின் தலைகள் மட்டும் தெரிந்தன. தியாகு சுற்றி வளைத்துப் பேசினான். அண்ணை இல்லாமல் சங்கம் தாய் இல்லாத வீடு மாதிரி என்றான். சுகம் வரும்வரை தான் பொறுப்பைத் தாங்கிப் பிடித்தது மட்டும்தான் என்றான். வசுந்தரா கேத்திலைப் பிடித்தபடி, சிறீதரன் சொல்ல வேண்டிய பதிலை மனதுக்குள் வசனம் வசனமாக அமைத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்கு ஏன் வரவில்லை என்று தொடங்க வேண்டும். மாலையைப் பற்றி ஒரு சொல். கடைசியில், கூடையை எடுத்துக்கொண்டு போங்கோ.

“ஓம், செய்யிறன்” என்றான் சிறீதரன்.

அவள் கேத்திலைக் கீழே வைத்தாள். அவ்வளவுதானா? ஒரு நிமிடமாவது யோசிப்பதாக நடிக்கத் தெரியாதா இந்த மனுசனுக்கு?

வந்த காரியம் இவ்வளவு சுலபமாக முடிந்த சந்தோஷத்தில் தியாகு தொட்டியின் பக்கம் திரும்பினான். மீன் இல்லையே அண்ணை என்று சொல்லிக்கொண்டே விரலை மடக்கிக் கண்ணாடியில் தட்டினான்.

“தட்டாதை, தியாகு” என்றான் சிறீதரன். குரலை உயர்த்தவில்லை. “இனிக் கூட்டமெல்லாம் மண்டபத்தில வையுங்கோ. இஞ்சை ஏலாது. மீன் பயப்பிடும்.”

பகிடி என்று நினைத்து அவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினார்கள். கொஞ்ச நேரம் தணிந்த குரலில் பேசிவிட்டு, தேத்தண்ணியை அரைவாசியில் வைத்துவிட்டு எழும்பிப் போனார்கள்.

கதவு சாத்தியதும் வசுந்தரா வந்து நின்றாள்.

“உங்களுக்கு வெக்கம் இல்லையோ?”

“இருக்கு” என்றான். “ஆனா எனக்கு ஆக்கள் வேணும். நான் உம்மைப் போல இல்லை.”

அது புகழ்ச்சியா பழியா என்று அவளுக்கு விளங்கவில்லை. அவர்கள் குடித்த கோப்பைகளை எடுத்துப்போய் இரண்டு தரம் கழுவினாள்.

அடுத்த ஞாயிறு அவன் இடுப்புப் பட்டியைக் கட்டிக்கொண்டு, சேட்டை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு மண்டபத்துக்குப் போனான். போகும்போது விசிலடித்த மாதிரி இருந்தது. ஒதுக்கி எறிந்தவர்கள் கூப்பிட்டதும் ஓடுகிற ஓட்டத்தை வசுந்தரா யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சாப்பாட்டு மேசைப் பக்கம் போய், அவனுடைய சாய்வு கதிரையில் இருந்தாள். தொட்டி வைத்த நாள் முதல் அவள் அந்தப் பக்கத்தில் நின்று வேலை செய்திருக்கிறாள். இவ்வளவு தாழ்வாக, கண்ணாடிக்குக் கிட்ட ஒருநாளும் இருந்து பார்த்ததில்லை.

மீன்கள் வந்தன. வெகுநேரம் காத்திருக்கத் தேவைப்படவில்லை. இலைகளுக்குள் இருந்து ஒவ்வொன்றாக வந்து அவளுடைய முகத்துக்கு நேரே வரிசையாக நின்று, வாயை வாயைத் திறந்தன. அவளை அவை பார்க்கவில்லை. தீனிப் பேணி இருக்கும் கையை எதிர்பார்த்து நின்றன. அந்தக் கதிரையில் கழுதை இருந்திருந்தாலும் வந்திருக்கும். ஆளறியும் புத்தி என்று தான் பெருமையாகப் பேசித் திரிந்தது இவற்றைப் பற்றித்தானா என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அப்போதுதான் கதிரையின் உயரத்தில் இருந்து மற்றவை தெரிந்தன. அகன்ற இலைகளுக்குக் கீழே, நின்று பார்த்தால் தெரியாத இடத்தில், கறுப்புக் குழாயின் முழங்கை வளைவு அப்படியே வெளியே நின்றது. வேரை அறுத்த வெள்ளை முகம் வெட்டின கட்டை மாதிரிப் பளிச்சென்று இருந்தது. மண் ஒதுங்கிய ஓரத்தில் காலுறை மூட்டை ஒன்றின் முடிச்சு எட்டிப் பார்த்தது. அவளுடைய பழைய மண்நிறக் காலுறை. இதையெல்லாம் வேறு யாருடைய தொட்டியிலாவது கண்டிருந்தால் ஒரு மாதத்துக்குப் பேசிச் சிரித்திருப்பாள். சிறீதரன் மாதக்கணக்காக இதைத்தான் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான். ஒரு சொல் சொல்லவில்லை.

சட்டைக் கையை மடித்துவிட்டுக் குறடையும் கத்தரிக்கோலையும் எடுத்துவந்தாள்.

அவன் திரும்பி வந்தபோது அவள் தோள்வரை தண்ணீருக்குள் கையை விட்டிருந்தாள். நிலத்தில் விரித்த துவாயில் பிடுங்கிய செடிகள் கிடந்தன. குழாயைச் சுற்றிப் பாசி கட்டியாகிவிட்டது. அறுத்த வேரைத் திருப்பி வைத்து, அதற்கு முன்னால், குசினிப் பக்கத்தில் இருப்பதைப் போல, மணலால் சிறியதொரு குடாவை ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

“என்ன, ஏதும் பழுதோ?” என்று கேட்டான்.

“இல்லை. உங்கட பக்கம் பார்க்கக் கண்றாவியா கிடக்கு.”

“எனக்கு நல்லாத்தானே இருந்தது.”

“உங்களுக்கு எதுதான் நல்லா இல்லை” என்றாள் வசுந்தரா, தண்ணீரை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

அவன் துவாயில் கிடந்த செடிகள் மிதிபடாமல் ஓரமாக நடந்து வந்து, வாளியைக் கொஞ்சம் கிட்டத் தள்ளி வைத்துவிட்டு, கூட்டத்தில் நடந்ததைச் சொல்லத் தொடங்கினான். யார் என்ன பேசினார்கள், தியாகு எப்படி மூலையில் குந்தியிருந்தான், இம்முறை ரீசேட் என்ன நிறம் என்று ஒன்றும் விடாமல் சொன்னான். அவள் இடையிடையே ஒவ்வொருத்தரையும் கிழித்துக்கொண்டு, கேட்டுக்கொண்டே வேலை செய்தாள்.